காற்றாடி இல்லாத கம்ப்யூட்டர்

குளிரான மலையூர் கம்போங் ராஜாவில் ஷஹாபுதீன் பாயின் கம்ப்யூட்டர் கடை. வெளியே முட்டைக்கோஸ் லோரிகள் உறுமிக்கொண்டு போகின்றன. டிவியோடு இணைக்கும் கம்ப்யூட்டருக்காகப் பாய் சூடு தணிக்கும் மூன்று சின்னக் காற்றாடிகளை ஒவ்வொன்றாய் ஓடவிட, நான் குனிந்து காது வைக்கிறேன். மூன்றுமே இரைகின்றன. “தகரக் கூரை லயத்து வீட்டுக்கா தம்பி இவ்ளோ பாக்குறீங்க? மழை பெஞ்சா இடியே கேக்காது லா.” “மழை விட்டதும் கேப்போம், பாய்.” “ஹெட்போன் காதுல மாட்டிக் கேக்கலாமே?” “பாப்பா மாட்ட விடமாட்டா.” மூன்று வயது மகள் என் மடியில் இருக்கிறாள். போன வருடம் இறந்த அவள் அம்மா திலகாவின் குரல் ஒரே ஒரு வீடியோவில்தான் இருக்கிறது. நாங்கள் இருவரும் தூங்குவதைப் படமெடுத்தபடி, எழுப்பிவிடாமல் ஏதோ மெல்லச் சொல்கிறாள். பழைய கம்ப்யூட்டரின் இரைச்சலில் அது அமுங்கிவிடுகிறது. இதைச் சொல்கிறேன். பாய் காற்றாடிகளை ஒதுக்கிவிட்டு, வரிவரியாகத் தகடுகள் வைத்த கனமான அலுமினியக் கட்டி ஒன்றைப் பொருத்துகிறார். “நம்ம குளிருக்கு இது போதும். காத்தாடியே வேணாம்.” சுவிட்சைப் போடுகிறார். பச்சை விளக்கு எரிகிறது, சத்தமே இல்லை. மகள் என்னைப் போலவே குனிந்து அதில் காது வைக்கிறாள். வெகுநேரம் கேட்கிறாள். “அம்மா இல்ல,” என்கிறாள். பாய் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்துகிறார். நான் சட்டைப் பையிலிருந்து அந்த வீடியோ இருக்கும் பென்டிரைவை எடுக்கிறேன்.