ஊசிக்கும் பிராக்சி

ஓபுலேசு இரண்டாவது முறையாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஊசி வரிசையில் வந்து நின்றான். பார்த்ததுமே ஹைமாவதிக்குப் புரிந்துவிட்டது. காலையில் ஓபுலேசாக வந்தவன், இப்போது பிரணீத்தின் பெயரில் வந்திருக்கிறான்.

கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டால் நாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் கல்லூரி ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்க முடியாது. வகுப்பில் 'உள்ளேன் சார்' சொல்ல ஆள் பிடிக்கிற பிரணீத், ஊசிக்கும் ஆள் பிடித்துவிட்டான். ஒரு வாரத்துக்கு உக்கானி என்கிற பொரி உப்புமாவும் மிளகாய் பஜ்ஜியும் கூலி. உள்ளே ஒரே நெரிசல், வெளியூர் நர்ஸுக்கு யார் முகமும் தெரியாது.

பிரணீத் வேப்பமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஹைமாவதி நேரே அவனிடம் போனாள்.

"வெக்கமா இல்ல உனக்கு? ஊர்ல இருக்கிற நாய்க்கெல்லாம் ஊசி குத்தறோம். நீ ஒண்ணு போட்டுக்க மாட்டியா?"

"நாய்க்கு என்ன தெரியும் பாவம். இதப் போட்டா காய்ச்சல் வரும், ஒரு மாசம் ஜிம் போச்சு. எதிர்ப்புச் சக்தி நம்ம உடம்புலயே இருக்கு, அம்மா தல்லீ!" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"யாரு சொன்னா?"

"வாட்ஸப்புல ஒரு டாக்டரே சொல்றாரு."

"நாமளே டாக்டர் ஆகப்போறவங்கதான்டா!"

"நாம மாட்டு டாக்டர்தானே!"

சுற்றி நின்ற பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலைந்து வருஷம் கழித்து இதுகள்தான் ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்குப் புத்தி சொல்லப்போகிறதுகள் என்று நினைத்தபோது அவளுக்குச் சீ என்றிருந்தது.

கட்டடத்தின் பின்பக்கமிருந்து ஓபுலேசு பஞ்சால் கையை அழுத்திக்கொண்டு வந்தான். "மாவா, நீ தெய்வம்டா!" என்று பிரணீத் அதே கையில் ஓங்கி ஒரு அறை வைத்தான். ஓபுலேசு பல்லைக் காட்டினான்.

ஹைமாவதிக்குக் காலையில் போட்ட ஒரு ஊசிக்கே கையைத் தூக்கிப் பின்னல் போட முடியவில்லை. எருமைத் தோல், பஜ்ஜிக்காக எதையும் தாங்கும் என்று மனசுக்குள் திட்டினாள். ஆனாலும் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டாள். மூன்று தவணையும் இப்படியே முடிந்தன.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஆடு மேய்க்கிறவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அது வாயை மூட முடியாமல் எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தது. "தொண்டையில எலும்பு சிக்கிக்கிச்சு சாமி" என்றார்.

ஓபுலேசு தாடையைப் பிடித்துக்கொள்ள, பிரணீத் பெரிய டாக்டர் மாதிரி தொண்டைக்குள் கையை விட்டுத் துழாவினான். கையுறைகூடப் போடவில்லை. நாய் திமிறியதில் இரண்டு பேர் கையிலும் பல் பட்டு ரத்தம் வந்தது.

"கைய எடுங்கடா!" என்று வாசலிலிருந்தே கத்தினார் பேராசிரியர் ரங்கநாயகுலு. "எலும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறி பிடிச்ச நாய்டா அது!"

நாயைக் கூண்டில் அடைத்துவிட்டு இருவரையும் குழாயடிக்கு விரட்டினார். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"நல்ல வேளை, முன்னாடியே மூணு ஊசியும் போட்டிருக்கீங்க. இனிமே ரெண்டு போட்டாப் போதும். போடாதவனா இருந்தா முழு கோர்ஸும் போடணும், காயத்தச் சுத்தி சீரம் வேற குத்தணும். அத விட்டா சாவுதான். இந்த நோய் வந்து பொழச்சவன நான் பாத்ததே இல்ல."

ஹைமாவதி பிரணீத்தையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டத்துக்காக ஒரு வருஷப் படிப்பு போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். அவனோ தலையைக் குனிந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பக்கத்தில் உயிர் நண்பன் ஓபுலேசும் சோப்பையே உருட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு நாயின் எச்சிலைவிட இந்த இரண்டு பேரைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது.

"சார், பிரணீத் ஒரு ஊசிகூடப் போடல. அவன் பேர்ல ஓபுலேசுதான் உள்ள போனான்."

பிரணீத் அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டான். "வருஷம் போனாப் போகட்டும் சார், என்னைக் காப்பாத்துங்க" என்று தேம்பினான்.

"தூ!" என்று காறித் துப்பினார் பேராசிரியர். "நாய்க்கு இருக்கிற அறிவுகூட இல்லாத ஜென்மங்க! எந்திரிடா, உனக்கு முழு கோர்ஸ். சீரத்துக்கு ஆள் அனுப்பறேன்."

பிறகு ஓபுலேசு பக்கம் திரும்பினார். "உன் பங்கு மூணு, இவன் பங்கு மூணு. ஓசித் தீனிக்கு ஆறு ஊசி வாங்கின உடம்பு, உனக்கு ஒரு கேடும் வராது. ரெண்டு ஊசியப் போட்டுக்கிட்டு எங்கயாவது போய்த் தொலை!"

ஹைமாவதிக்கு வயிறு எரிந்தது. கூலி வாங்கித் தின்றவன் சுலபமாகத் தப்பித்துவிட்டான். ஆனால் ஓபுலேசு நகரவில்லை. கையிலிருந்து சோப்பு நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா மரம் மாதிரி நிக்கற?"

"சார்... ஆறு தடவையும் பேரக் குடுத்துட்டு, பஞ்ச மட்டும் எடுத்துக்கிட்டு, பின்வாசல் வழியா வந்துட்டேன். எனக்கும் ஊசின்னா பயம் சார்."