நோகாத பரிசோதனை

அந்தப் பெண் உட்காரவே இல்லை.

கரமனையில் இருக்கிற அந்தக் குழந்தைப்பேறு ஆஸ்பத்திரியில் பாதி நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. மாமியார் முத்தாரம்மாள் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

“இங்க வந்து இரி மக்களே.”

ரேஷ்மி சுவரில் சாய்ந்தே நின்றாள்.

“மருமவளா? நல்ல அகங்காரந்தான்,” என்றாள் எதிரே இருந்த தாசம்மாள். மகளோடு வந்தவள்.

“அதை ஏன் கேக்குதிய. வெளியில வச்சு வளத்த கருவை உள்ளே வைக்கதுக்கு முன்னாடி, நல்லா இருக்கான்னு பாப்பாங்களாம். ரெண்டு வழி இருக்காம். ஒண்ணு, கருவைத் துளைச்சுக் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பாக்கது. இன்னொண்ணுல அதைத் தொடவே வேண்டாம். அது கிடக்க தண்ணியைப் பாத்தாப் போதும்.”

“தொடாம பாக்கதுதான நல்லது?”

“நானும் அதைத்தான் சொன்னேன். இந்த மகாராணி, துளைச்சே பாருங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுதா. அதுலதான் தப்பு குறைவாம்.”

தாசம்மாள் ரேஷ்மியை மேலும் கீழும் பார்த்தாள். “தாயாகப் போறவ பேசுத பேச்சா இது?”

“கண்ணுக்குத் தெரியாட்டா என்ன, அதுவும் உயிருதான? குத்துனா நோவாதா? தொடக்கூடாதுன்னுட்டேன். பாத்தது தப்பாகி கரு தங்காமப் போனா திரும்ப முதல்லேருந்து ஊசி போடணுமேம்மான்னாரு டாக்டர். போடுங்க, நாங்க வாறோம்னேன்.”

“இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும், கேட்டியா,” என்று ரேஷ்மியின் பக்கம் திரும்பிச் சொன்னாள் தாசம்மாள். “பெரியவங்க கூப்பிட்டா வந்து உக்காந்தா குறைஞ்சா போயிருவ?”

ரேஷ்மி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள்.

நர்ஸ் எலிசாள் ஊசித் தட்டோடு வந்து அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். கொஞ்ச நேரத்தில் திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினாள்.

“அம்மா, இடுப்புல ரெண்டு பக்கமும் நீலம் பாரிச்சு, கல்லு மாதிரி கட்டிக் கிடக்கு. எங்க போடன்னே தெரியல. உக்காரவே முடியலங்காங்க. ஏற்கெனவே நாலு தடவை கரு தங்காமப் போயிருக்கு. உடம்பு தாங்க வேண்டாமா? இந்த மாசம் நிறுத்தி வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கட்டுமா?”

முத்தாரம்மாள் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

“அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர். நீங்க குத்துங்க. அவளுக்கு ஒண்ணும் நோவாது.”