வயிற்றுத் துண்டு

"அதுல விஷம் எவ்வளவுன்னு அளந்தவளே நீதான—"

"அளந்தேன். அதுக்காக இப்ப—"

"தெரிஞ்சுமா பிள்ளைக்கு ஊட்டப் போற?"

ஒப்பந்த மண்டபத்தின் பக்கத்து அறையில், ஆறு வயது அனிட்டாவுக்குத் தலை பின்னிக்கொண்டே கணவனோடு மல்லுக்கு நின்றாள் ஜெசிந்தா. தன் நாட்டு ஆலைக் கழிவு கடலைக் கெடுக்கவில்லை என்று சான்று தரும் விஞ்ஞானி, அக்கரை நாட்டார் கண்முன்னே அந்தக் கடல் மீனைத் தன் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. கையெழுத்தானால்தான் அங்கே பிடிபட்ட மீனவர்கள் வீடு திரும்புவார்கள்.

"உங்க ஆபீஸ்ல ஆம்பளை விஞ்ஞானியே இல்லையாக்கும்?" என்றான் அருளப்பன்.

"அப்பன் ஊட்டினா எவன் நம்புவான்? பெத்தவதான் ஊட்டணுமாம். உங்க தம்பியும் அந்த ஜெயில்லதான் கெடக்காரு. மாட்டேன்னு சொல்லிட்டு வந்துரட்டுமா? சொல்லுங்க."

அவன் குனிந்து பிள்ளையின் செருப்பு வாரை மாட்டிவிட்டான்.

மண்டபத்தில் மேசைக்கு எதிர்ப்புறம் அக்கரை விஞ்ஞானி நிலூபா உட்கார்ந்திருந்தாள். ஒரே ஆய்வகத்தில் ஐந்து வருஷம் ஜெசிந்தாவின் சாப்பாட்டு டப்பாவில் பங்கு கேட்டவள். தமிழும் அங்கே பழகியதுதான்.

ஜெசிந்தா மீன் தட்டைத் துழாவி வால் துண்டை எடுத்தாள்.

"முள் எடுத்திட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு அனிட்டா வாயைத் திறந்தாள்.

நிலூபா மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"விஷம் கொழுப்புலதான் தங்கும்னு நாம சேர்ந்துதானே கண்டுபிடிச்சோம், ஜெசி. வால்ல கொழுப்பு ஏது? பாப்பாவுக்கு வயித்துத் துண்டு குடு."