விருந்தாளி விளக்கு

தணிகாசலம் வீட்டு வரவேற்பறையில் இருந்த லாவா விளக்கு விருந்தாளிகளுக்காக மட்டுமே எரியும். "ஜெர்மனி சரக்கு" என்பார். உள்ளிருக்கும் சிவப்பு மெழுகு உருகிக் குமிழாக மேலே எழும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்த விருந்தாளி எவருமில்லை. "போயிட்டு வர்றோம்" என்று அவர்கள் எழுந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவார்.

"என்னங்க, ஒரு நாள் நமக்காகப் போடுங்களேன். அது மேல வர்றதைப் பாக்கணும்" என்பாள் அவர் மனைவி அம்சவேணி.

"நமக்கு எதுக்கு? நாம என்ன வெளியாளுங்களா?"

அவள் இறந்தபின் துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் பழக்கதோஷத்தில் விளக்கைப் போட்டார். ஜெர்மனியைப் பற்றியும் சொன்னார். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாதே, ஒவ்வொருவராகப் பேசாமல் எழுந்து போனார்கள். யாரும் விடைபெறாததால் அணைக்கும் ஞாபகமே அவருக்கு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் குமிழ் மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.

வருகிறவர்கள் பார்க்கும்படி வாசலை நோக்கி வைத்திருந்த அம்சவேணியின் படத்தை, மாலை சரியாமல், விளக்கின் பக்கம் திருப்பி வைத்தார்.