பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது

காலை ஐந்தே முக்காலுக்கு எஸ்தர் டீக்கடையின் தட்டியைத் தூக்கும் முன்பே, "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று அந்தப் பெண் குரல் சொன்னது. செல்போனில் பணம் வந்தால் அறிவிக்கும் பெட்டியோ அணைந்தபடி அவள் பையில் கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள். புங்கமரக் கிளையில் ஒரு மைனா தலையைச் சாய்த்து அதையே மறுபடி சொன்னது. பெட்டியைவிட இனிமையாக, சற்று ஈரமாக. ஒரு வாரமாகக் கணக்கு ஏன் உதைக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பணம் போய்ச் சேரும் செல்போன் மகளுடையது. இப்போது அவளோடு வீட்டில் உறங்குகிறது. பிறகு கல்லூரிக்குப் போய்விடும். கடையில் எஸ்தருக்கென்று இருப்பது அந்தக் குரல் மட்டும். கல்லை எடுத்து வீசினாள். மைனா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"விடிஞ்சும் விடியாம யாரு கூடக்கா சண்டை?"

கொத்தனார் சுடலை பனிக்குள்ளிருந்து வந்தான். பத்து வருட வாடிக்கை. எஸ்தர் பெட்டியை எடுத்து ஆன் செய்து வைத்து, அடுப்பை மூட்டி, டீ ஆற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவன் தட்டியில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்துக்கு நேரே செல்போனை நீட்டினான். குரல் வந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றும் அறியாததுபோல் இருந்தன. நடுவில் பால் ஆவி மிதந்தது. உன் போனைக் காட்டு என்று இவனிடம் எப்படிக் கேட்பது?

சுடலை செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"சத்தம் வந்துட்டுல்லாக்கா, கெளம்பட்டுமா?"