சமைக்கிற கை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் சமையலறைக்குள் சுகாதாரப் பரிசோதகர் செந்தூரன் கடிதமும் கையுமாக நுழைந்ததுமே, சமையல்காரி மாரியாயி கரண்டியைப் பருப்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

"அம்மா, மலப் பரிசோதனைக்கு நீங்கள் தந்த போத்தலிலை நெருப்புக்காய்ச்சல் கிருமி, அதுதான் டைபாய்ட் கிருமி, இருக்கு. இண்டைக்கே அடுப்பை விட்டு வெளிய வாங்கோ."

"அதுலயா? இருக்கவே இருக்காதுங்கய்யா! பேரு மாறிப் போயிருக்கும்!"

"உங்கட பேர்தான். காய்ச்சல் இல்லாட்டியும் கிருமி உள்ளுக்கு இருக்கும். சமைக்கிற கையால மற்றவைக்கும் பரவும்."

மாரியாயி தலையில் அடித்துக்கொண்டு பலகையில் சரிந்தாள். போன வருஷம் அவள் அந்தக் காய்ச்சலில் கிடந்து எழுந்தது தோட்டத்துக்கே தெரியும்.

செந்தூரனின் குரல் இளகியது. "அழாதேங்கோ. வேலை போகாது. ஒரு மாசம் மருந்து குடிச்சுச் சுகமானதும் திரும்ப வரலாம்."

"வேலை போகாதா? இது தெரியாமப் போச்சே!" அவள் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். "அந்த மருந்தப் புள்ளத்தாச்சி குடிக்கலாங்களா? வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆர் பிள்ளைத்தாச்சி?"

"என் மக டிலானி. ஏழு மாசம். என்னோடதுல கிருமி இருந்தா வேலை போயிருமேன்னு, அவளோடதத்தான்யா போத்தல்ல குடுத்தேன்."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. மசக்கையில் சோறு இறங்காமல் கிடந்த நாளிலிருந்து மகளுக்கு உருண்டை பிடித்து ஊட்டிவரும் தன் வலது கையையே மாரியாயி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.