சேவலுக்குச் சேவல்

பேச்சிமுத்து சேவல் திருடியது உண்மைதான். ஆனால் அது அவனுடைய முதல் திருட்டு. அவனுக்காக வாதாடிய அங்கயற்கண்ணி புதுச் சட்டத்தை உற்சாகமாக விளக்கினாள். சேவலையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையோடு போய்விடும். இல்லாவிட்டால் மூன்று வருஷம்வரை உள்ளே இருக்க வேண்டிவரும்.

"சரி, சேவல் எங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "பாதிய நாங்க தின்னுட்டோம்மா."

"மீதி?"

"முன்ஜாமீன் கேக்க வந்தன்னிக்குத் தூக்குச்சட்டில கொண்டாந்தேனே. நல்லா இருக்குன்னு எலும்பக்கூட விடலையே நீங்க."

மறுநாள் காலையில் அங்கயற்கண்ணி சந்தைக்குப் போய், பேரம்கூடப் பேசாமல் இருப்பதிலேயே பெரிய சேவலை வாங்கி, கறுப்புக் கோட்டோடு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தாள். பறிகொடுத்த கோவில்பிள்ளை அதைத் தூக்கிப் பார்த்தார். "நம்ம சேவல் இது இல்ல, ஐயா. ஆனா எடை கூட இருக்கு. வாங்கிக்கிடுதேன்." சேவல் அவர் கையிலிருந்து துள்ளி, சாட்சிக் கூண்டின்மேல் நின்று கூவியது. அது முடிக்கும்வரை நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு, பேச்சிமுத்து பத்து நாள் நீதிமன்ற வளாகத்தைப் பெருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

வெளியே வந்த பிறகுதான் அங்கயற்கண்ணிக்கு மூச்சே வந்தது. ஒரு மனுஷனை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றியிருந்தாள். பேச்சிமுத்து தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்தான்.

"எல்லாம் சரிம்மா. நாள் சம்பளம் எவ்வளவுன்னு ஐயா சொல்லவே இல்லையே. அதுக்கு ஒரு மனு போடுவமா?"